தடுப்பூசியும் கைப்பேசி வதந்தியும்

நம் கிராமங்களில் செய்தி பரவும் வழிகள் காலந்தோறும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒரு காலத்தில் தண்டோராவும் வாரச் சந்தையும் செய்த வேலையைப் பின்னர் செய்தித்தாளும் வானொலியும் தொலைக்காட்சியும் ஏற்றுக்கொண்டன. இன்று அவ்வேலையைக் கைப்பேசி செய்கிறது. அறுவடைக்கு முன் மழை வருமா என்பதையும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை என்ன விலை போகிறது என்பதையும் உழவர் தம் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே அறிந்துகொள்கிறார். இது பெரும் நன்மை என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் அதே கருவியின் வழியாக உடல்நலத்தைப் பற்றிய பொய்ச் செய்திகளும் வீடு வந்து சேருகின்றன. அவற்றுள் பல வேடிக்கையானவை. சில உயிரை வாங்குபவை.

வதந்தி கிராமத்துக்குப் புதியதன்று. எனினும் முன்பெல்லாம் ஒரு வதந்தி அடுத்த ஊருக்குச் செல்ல ஒரு சந்தை நாளேனும் பிடித்தது. அதைச் சொன்னவர் யார், அவர் எப்படிப்பட்டவர் என்பதும் ஊராருக்குத் தெரிந்திருந்தது. இன்று அது கண்ணிமைக்கும் நேரத்தில் நூறு ஊர்களுக்குச் சென்றுவிடுகிறது. அதை முதலில் எழுதியவர் யாரென்று தெரிவதில்லை. நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பவரோ நம் மைத்துனர், அல்லது நம் மகளோடு படிக்கும் பெண்ணின் தாயார். முகமறியாதவர் எழுதியது, முகமறிந்தவர் கையால் வந்து சேருகிறது. ஆகையால் நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது.

இதைப் பொதுப்படப் பேசிக்கொண்டிருப்பதைவிட, நம் மாநிலமே நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன் தரும். 2017-ஆம் ஆண்டு நடைபெற்ற தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கமே அது.

நோயின் தன்மை

தட்டம்மையை மணல்வாரி அம்மை என்றும் நம் மக்கள் வழங்குவர். மணலை வாரி இறைத்தாற்போல் உடலெங்கும் சிறு தடிப்புகள் தோன்றுவதால் இப்பெயர் வந்தது போலும். "குழந்தை என்றால் ஒருமுறை அம்மை வார்க்கத்தானே செய்யும்" என்று முதியோர் இதை எளிதாகச் சொல்லிவிடுவதுண்டு. ஆனால் 1963-இல் தடுப்பூசி புழக்கத்துக்கு வருமுன், உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 26 லட்சம் பேர் இந்நோயால் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2023-ஆம் ஆண்டிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்துள்ளனர். அவருள் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் தடிப்பு அன்று. அதைத் தொடர்ந்து வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் மூளைக்காய்ச்சலுமே. சத்துக் குறைந்த குழந்தைகளுக்குப் பார்வையும் போவதுண்டு.

இந்நோய் பரவும் வேகத்துக்கு ஈடான நோய்கள் மிகச் சிலவே. எதிர்ப்பாற்றல் இல்லாதவரிடையே ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு இதைத் தந்துவிடுவார். அவர் இருந்த அறையை விட்டு வெளியேறிய பின்னும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். ஆகவே, ஓர் ஊரில் இந்நோய் பரவாமல் தடுக்க வேண்டுமானால் நூற்றுக்கு 95 பேருக்கேனும் எதிர்ப்பாற்றல் இருந்தாக வேண்டும். நூற்றுக்கு 80 என்பது தேர்வில் நல்ல மதிப்பெண்ணாக இருக்கலாம். தட்டம்மைக்கு அது திறந்து கிடக்கும் வாசல்.

ரூபெல்லா இதனினும் மெலிந்த நோய். குழந்தைக்கு இரண்டு மூன்று நாட்களில் தீர்ந்துவிடும். அதன் கொடுமை கருவுற்ற தாயிடத்தில்தான் வெளிப்படுகிறது. கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு இந்நோய் கண்டால், பிறக்கும் குழந்தை கண்புரையோடோ செவிட்டுத் தன்மையோடோ இதயக் கோளாற்றோடோ பிறக்கக்கூடும். 1941-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த பச்சிளங் குழந்தைகள் பலரைத் தொடர்ந்து கண்டு, அவர்களுடைய தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தில் இந்நோய் வந்திருந்ததை வெளிப்படுத்தினார். தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதிலிருந்துதான் அவருக்கு முதல் துப்புக் கிடைத்தது என்பர். மக்கள் பேச்சு எல்லாமே வதந்தி அன்று என்பதற்காக இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

2017 பிப்ரவரியில் நடந்தது

நாடு முழுவதும் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள சுமார் 41 கோடிக் குழந்தைகளுக்கு இவ்விரு நோய்களுக்கும் சேர்த்து ஒரே ஊசி போடுவது என்று மத்திய அரசு முடிவு செய்தது. முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. இங்கு மட்டும் சுமார் 1 கோடியே 76 லட்சம் குழந்தைகள். 2017 பிப்ரவரி 6-ஆம் நாள் பள்ளிகளில் பணி தொடங்கிற்று.

ஊசி பள்ளிக்கு வருமுன்னரே வாட்ஸ்அப் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. இந்த ஊசி குழந்தைகளை மலடாக்கும், மூளையைப் பாதிக்கும், அயல்நாட்டு நிறுவனங்கள் நம் பிள்ளைகள் மீது சோதனை செய்து பார்க்கின்றன, ஊசி போட்டுக்கொண்ட குழந்தை எங்கோ இறந்துவிட்டது - இப்படிப் பல வடிவங்களில் எழுத்தாகவும் குரல் பதிவாகவும் அது உலவியது. பல பள்ளிகளில் பெற்றோர் வாசலில் வந்து நின்று வாதிட்டனர். ஊசி போடும் நாளன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாதவர்களும் பலர். பிப்ரவரியோடு முடிய வேண்டிய இயக்கத்தை மார்ச்சு மாதத்திலும் நீட்டிக்க நேர்ந்தது.

தடுப்பூசிப் பணியில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயர் பெற்ற தமிழகத்தில் இது எவ்வாறு நிகழ்ந்தது? மக்களின் அறியாமையே காரணம் என்று சிலர் சொல்லிவிடுகின்றனர். அது சோம்பல் நிறைந்த விடை. மறுத்த பெற்றோருள் படித்தவர்களும் நகரத்தாரும் ஏராளமாக இருந்தனர். உண்மைக் காரணங்களை அந்தக் காலத்தின் சூழ்நிலையில்தான் தேட வேண்டும்.

முதலாவதாக, 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் தன் சேவையைத் தொடங்கிய பின் நாட்டில் இணையக் கட்டணம் வெகுவாக வீழ்ந்தது. அதுவரை காசைக் கணக்குப் பார்த்துப் படங்களைத் திறந்தவர்கள், கணக்கின்றிப் பார்க்கவும் அனுப்பவும் தொடங்கிய ஐந்தாவது மாதத்தில் இவ்வியக்கம் வந்தது. இரண்டாவதாக, ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டெழுந்த ஜனவரி அப்போதுதான் முடிந்திருந்தது. நம்முடையதை அழிக்க அயலார் சூழ்ச்சி செய்கின்றனர் என்ற எண்ணம் ஊரெங்கும் சூடாக இருந்த வேளை அது. அதே எண்ணத்தை ஊசிக்கும் பொருத்திவிடுவது வதந்தி எழுதியவருக்கு எளிதாயிற்று. உண்மையில் அந்த ஊசிமருந்து புனே நகரிலுள்ள சீரம் நிறுவனத்தில் உற்பத்தியானது. மூன்றாவது காரணத்தை எம் துறையினர் நன்கு அறிவர். 2016 அக்டோபரில் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. "தலைவரே, இந்த ஊசி போடலாமா?" என்று வீதியில் நிறுத்திக் கேட்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் ஊரில் இல்லை. பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பர் வரை இந்நிலை நீடித்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோர் கேட்ட வினாக்கள் நியாயமானவை. "என் பிள்ளைக்கு ஒன்பதாம் மாதமே அம்மை ஊசி போட்டாயிற்று. அட்டையும் இருக்கிறது. மறுபடி எதற்கு?" இவ்வினாவுக்குத் தெளிவான விடை உண்டு. ஒன்பதாம் மாதத்தில் போடும் ஊசி நூறு குழந்தைகளுள் ஏறத்தாழ 85 பேருக்கே பலன் தருகிறது. விடுபட்ட பதினைவருக்காக இன்னொரு முறை போட வேண்டியிருக்கிறது. யார் அந்தப் பதினைவர் என்று பார்த்தால் தெரியாது. ஆகவே எல்லோருக்கும் போடுகிறோம். மேலும், ரூபெல்லாவுக்கு அதுவரை அரசுத் திட்டத்தில் ஊசியே இல்லை. தனியார் மருத்துவமனைகளில் பணம் கொடுத்துப் பலர் போட்டுக்கொண்டிருந்த எம்.எம்.ஆர். ஊசியில் அடங்கியிருப்பவையும் இவ்விரண்டும், பொன்னுக்கு வீங்கிக்கான மருந்தும்தான். இவ்வளவையும் ஒரு தாய்க்கு இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம். ஆனால் இந்த விடை பலருக்கு ஊசி நாளுக்கு முன் கிட்டவில்லை. கேள்வி வீட்டில் காத்திருந்தது. முதலில் வந்த விடை அங்கே அமர்ந்துகொண்டது. அது பொய்யான விடையாக இருந்தது.

மறுப்பறிக்கைகள் வராமலில்லை. ஆனால் 'மேற்படி தடுப்பூசி முற்றிலும் பாதுகாப்பானது, பொதுமக்கள் வதந்திகளை நம்ப வேண்டாம் என இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது' என்ற பாணியில் எழுதப்படும் வாக்கியம் எந்தத் தாயின் அச்சத்தைப் போக்கும்? சுற்றறிக்கைத் தமிழுக்கு என்று ஓர் இடம் உண்டு; அது அலுவலகக் கோப்பு.

வதந்தியின் அமைப்பு

இத்தகைய செய்திகளைச் சேர்த்து வைத்துப் பார்ப்பவருக்கு, அவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பது விளங்கும். நாளும் ஆண்டும் இரா. ஊர்ப்பெயர் இருந்தாலும் தெருப்பெயர் இராது. புகழ் பெற்ற ஏதோ ஒரு மருத்துவமனையின் பெயர் இருக்கும்; மருத்துவரின் பெயர் பெரும்பாலும் இராது, இருந்தாலும் அப்படி ஒருவர் அங்கே இருக்கமாட்டார். "தொலைக்காட்சியில் இதைக் காட்டமாட்டார்கள்" என்று ஒரு வரி. "உங்கள் பிள்ளைகள் மீது அன்பிருந்தால் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று இறுதி வரி. அச்சத்தையும் அன்பையும் ஒருசேரத் தூண்டுவதால்தான் நல்லவர்களே இதைப் பரப்புகின்றனர். கெட்ட எண்ணத்தோடு அனுப்புவோர் ஒரு சிலரே.

இன்னொரு கூறும் கவனிக்கத்தக்கது. திறமையான வதந்தியில் எப்போதும் ஒரு துளி உண்மை கலந்திருக்கும். ஊசி போட்ட ஏழாம் நாள் முதல் பன்னிரண்டாம் நாளுக்குள் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் சிறு தடிப்பும் வருவது உண்மை. பத்து லட்சம் ஊசிகளில் ஏறத்தாழ ஒன்றில் கடும் ஒவ்வாமை நேரக்கூடும் என்பதும் உண்மை. ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வது அதனால்தான். இவற்றை மறைத்து "எந்தப் பக்கவிளைவும் இல்லை" என்று சொல்வோமாயின், காய்ச்சல் வந்த அன்றே நாம் பொய்யராகிவிடுவோம். கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு ஊசி போடும் மாதத்தில், ஊசிக்குத் தொடர்பின்றி நோயுறும் குழந்தைகளும் இருப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நம்மவர் அறியாததன்று. ஆனால் விழுந்தது தன் வீட்டுப் பனம்பழமாக இருக்கும்போது எவருக்கும் காக்கை மீதுதான் கண் போகும்.

கைப்பேசி இந்த வேலையை எவ்வாறு விரைவுபடுத்துகிறது என்பதைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர் மூவர், 2006 முதல் 2017 வரை டுவிட்டர் தளத்தில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, 2018-இல் 'சயின்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். ஆயிரத்து ஐந்நூறு பேரைச் சென்றடைய, பொய் எடுத்துக்கொண்ட காலத்தைப் போல் ஆறு மடங்கு காலம் உண்மைக்குத் தேவைப்பட்டதாம். எந்திரங்கள் அல்ல, மனிதர்களே இதற்குக் காரணம் என்றும், பொய்யில் புதுமை இருப்பதால் கை தானாக அதை அனுப்பிவிடுகிறது என்றும் அவர்கள் கண்டனர். வாட்ஸ்அப்பில் அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் செய்தியைப் படிக்க இயலாதபடி அமைப்பு இருப்பதால், என்ன வதந்தி உலவுகிறது என்பதே சுகாதாரத் துறைக்குக் காலம் கடந்துதான் தெரிகிறது. ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்ற வரம்பை அந்நிறுவனம் 2018 ஜூலையில் நம் நாட்டில் விதித்தது. பலர் கை மாறி வந்த செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். ஐந்து கைகளுக்குக் குறையாமல் தாண்டி வந்தது என்பது அதன் பொருள். கைப்பேசி வைத்திருக்கும் பலருக்கு இக்குறியின் பொருள் தெரியாது. மகளிர் குழுக் கூட்டங்களில் இதை ஒருமுறை காட்டினால் போதும்.

தொலைவில் தோன்றி இங்கு வந்தவை

ஊசியால் மூளை பாதிக்கப்படும் என்ற செய்திக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 1998-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்து மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவர் குழுவினரும் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வெறும் 12 குழந்தைகளைப் பற்றிய அக்கட்டுரை, எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசம் என்னும் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தைக் கிளப்பிற்று. ஊசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடர முயன்ற வழக்கறிஞர்களிடம் அவர் பணம் பெற்றிருந்தது பின்னர் வெளிவந்தது. 2010 பிப்ரவரியில் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் அவர் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வும் அத்தகைய தொடர்பு எதுவும் இல்லை என்றே கண்டது. பன்னிரண்டு குழந்தைகளின் கட்டுரை நம் ஊர்க் கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆறரை லட்சம் குழந்தைகளின் ஆய்வு வந்து சேரவில்லை.

ஊசியை மக்கள் கைவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பசிபிக் கடலிலுள்ள சமோவா என்னும் சிறு நாட்டில் உலகம் கண்டது. அதன் மக்கள் தொகை சுமார் இரண்டு லட்சம். நம் ஊராட்சி ஒன்றியங்கள் இரண்டைச் சேர்த்தால் ஏறக்குறைய அவ்வளவு வரும். 2018 ஜூலையில் அங்கே இரண்டு குழந்தைகள் ஊசி போட்ட சில நிமிடங்களில் இறந்தன. தூளாக வரும் ஊசிமருந்தை அதற்குரிய நீரில் கரைப்பதற்குப் பதிலாக, காலாவதியான மயக்க மருந்தில் செவிலியர்கள் கரைத்துவிட்டனர். மருந்தில் பிழையில்லை, கலந்த கையில் பிழை. ஆனால் அந்த உண்மை நீதிமன்றத்தில் நிலைபெறுமுன், ஊசியே கொல்கிறது என்ற பிரசாரம் முகநூல் வழியாகத் தீவெங்கும் பரவிவிட்டது. அரசும் ஊசிப் பணியைப் பல மாதங்கள் நிறுத்தி வைத்தது. அவ்வாண்டு மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளே ஊசி போட்டுக்கொண்டனர்.

2019-இன் பிற்பகுதியில் தட்டம்மை அந்நாட்டுக்குள் நுழைந்தது. நோய் கண்டவர் 5,700 பேர். இறந்தவர் 83 பேர். அவருள் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். குழந்தைகள் இறந்துகொண்டிருந்த நாட்களிலும் பப்பாளி இலைச் சாறும் வைட்டமின்களும் போதும் என்ற பிரசாரம் ஓயவில்லை. தட்டம்மை கண்ட குழந்தைக்கு வைட்டமின் ஏ தருவது மருத்துவர்களே ஏற்ற சிகிச்சைதான். ஆனால் அது ஊசிக்கு மாற்றாகாது. மேலே சொன்ன 'ஒரு துளி உண்மை' இதுவே.

நவம்பர் 15-ஆம் நாள் அங்கே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 5, 6 ஆகிய இரு நாட்களும் அரசு அலுவலகங்கள் அனைத்தையும் மூடி, ஊழியர்களை வீடு வீடாக ஊசிப் பணிக்கு அனுப்பினர். ஊசி போடாதவர் இருக்கும் வீட்டின் முன் சிவப்புத் துணி கட்டி வைக்குமாறு மக்களுக்குச் சொல்லப்பட்டது. அச்செய்தியோடு வந்த படங்களைக் கண்டபோது நம் ஊர் வாசல்களில் அம்மை கண்ட வீட்டில் செருகும் வேப்பிலைக் கொத்து எனக்கு நினைவுக்கு வந்தது. வேப்பிலை, இங்கே நோய் இருக்கிறது, உள்ளே வராதே என்றது. சிவப்புத் துணி, இங்கே நோய் இன்னும் வரவில்லை, விரைந்து வா என்றது.

சமோவாவின் முதல் பகுதி நமக்கு அந்நியமானதன்று. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊசிப் பணியைக் கிராமங்களிலிருந்து மருத்துவர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அரசு மாற்றியது. இத்தகைய துயரத்தை நினைவில் வைத்திருக்கும் ஒரு தாய் தயங்கி நின்றால், அவரை வதந்திக்கு இரையானவர் என்று ஒதுக்குவது முறையன்று. அவரிடம் குப்பியையும் அதற்குரிய கரைப்பு நீரையும் காட்டலாம். கரைத்த நேரம் குப்பியின் மேல் எழுதப்பட்டிருப்பதையும், நான்கு மணி நேரத்துக்குப் பின் மிச்சம் இருந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியையும் சொல்லலாம். கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

ஆறு மாதம் தாமதித்த விடை

2021-ஆம் ஆண்டு கொரோனா காலத்திலும் இதே பாடம் திரும்ப வந்தது. மரக்கன்று நடும் பணியால் கிராமங்களிலும் அன்போடு அறியப்பட்ட நடிகர் விவேக், ஏப்ரல் 15-ஆம் நாள் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லோரும் காணத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, மக்களையும் போட்டுக்கொள்ளுமாறு வேண்டினார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது; 17-ஆம் நாள் அதிகாலையில் காலமானார். இதயத்தின் முக்கிய இரத்தக் குழாய் முற்றிலும் அடைபட்டிருந்தது என்றும், அது ஒரே நாளில் உண்டாகும் அடைப்பன்று என்றும் மருத்துவர்கள் அப்போதே விளக்கினர். ஆனால் அவர் ஊசி போட்டுக்கொண்ட காட்சியும் அவருடைய இறுதி ஊர்வலக் காட்சியும் அடுத்தடுத்து ஒட்டப்பட்டு ஊரெங்கும் சுற்றின. அவர் இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற தேசியக் குழுவின் அறிக்கை அக்டோபரில் வெளிவந்தது. ஆராய்ந்து சொல்லக் காலம் தேவைதான். அறிவியல் அப்படித்தான் நடக்கும். எனினும் அந்த ஆறு மாதங்களுக்குள் இரண்டாம் அலை வந்து பலரைக் கொண்டுபோய்விட்டது. ஊசி போட்டுக்கொள்ளாமல் தயங்கி நின்றவர்களுக்கு அவ்வறிக்கையால் பயன் இல்லை.

மேலிருந்து வரும் மறுப்பு எப்போதும் தாமதமாகத்தான் வரும். உடனே வரக்கூடியது பக்கத்திலிருப்பவரின் விடை ஒன்றே. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்து ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தி ஆண்டுக்கணக்கில் நின்றது. அதை அசைத்தவை சுவரொட்டிகள் அல்ல. அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகச் சென்று பேசியதும், மசூதி இமாம்களும் மதக் கல்லூரி ஆசிரியர்களும் தம் வாயால் சொன்னதுமே. 2011 ஜனவரி 13-க்குப் பின் இந்தியாவில் எங்கும் காட்டுக் கிருமியால் போலியோ கண்ட குழந்தை இல்லை; 2014 மார்ச்சு 27-இல் அதற்குச் சான்றும் கிடைத்தது.

நம் ஊர்களில் அத்தகையவர் யார்? கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் மகளிர் குழு ஊக்குநரும் பள்ளித் தலைமையாசிரியரும்தான். பேறுகாலத்தில் கூட நின்ற நர்சம்மா சொல்வதை, ஊர் பேர் தெரியாத குரல் பதிவைவிட ஒரு தாய் மிகுதியாக நம்புவார். ஆனால் நர்சம்மாவுக்கே முன்கூட்டி விவரம் தெரிந்திருக்க வேண்டும். பெரிய ஊசி இயக்கம் ஏதேனும் வருமாயின் பத்து நாட்களுக்கு முன்பே ஒன்றிய அலுவலகத்தில் இவர்கள் நால்வகையினரையும் மருத்துவ அலுவலரோடு ஒன்றாக அமர்த்தி, மக்கள் கேட்கக்கூடிய கேள்விகளை எழுதச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பேச்சுத் தமிழில் விடை தயார் செய்துகொள்வது நலம். மக்கள் எதைக் கேட்பார்கள் என்பது இவர்களுக்குத் தெரியும். விடை என்ன என்பது மருத்துவருக்குத் தெரியும். ஊராட்சியின் வாட்ஸ்அப் குழு என்று ஒன்று இருக்குமிடங்களில் தெருவிளக்கு முறையீட்டோடு இதற்கும் இடம் தரலாம். யாரேனும் ஒரு வதந்தியை அங்கே அனுப்பிவிட்டால், அவரைக் கூட்டத்தில் வெட்கப்படுத்தாமல் தனியே அழைத்துப் பேசுவது நல்லது. வெட்கப்பட்டவர் அடுத்த வதந்தியை நமக்குத் தெரியாத குழுவில் போடுவார், அவ்வளவே.

தட்டம்மையையும் ரூபெல்லாவையும் நாட்டிலிருந்து நீக்குவதற்கு முதலில் 2020 என்றும், பின்னர் 2023 என்றும், அதன்பின் 2026 என்றும் இலக்கு நகர்ந்து வந்திருக்கிறது. கடைசியாக எஞ்சி நிற்கும் சில குழந்தைகளைத் தேடிச் செல்லும் வேலை இது. அந்த வீடுகளில் ஒன்றிரண்டேனும் முன்பொரு முறை ஊசிக்குப் பின் வந்த காய்ச்சலால் கலங்கி விலகியவை என்பதைச் செவிலியர்கள் சொல்லக் கேட்கலாம்.

நம் மாநிலத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒன்பதாம் மாத ஊசி போட்டவுடன் தாய் சேய் நல அட்டையில் அடுத்த ஊசியின் தேதியைக் குறிப்பது வழக்கம். அதனருகிலேயே ஏழாம் நாளின் தேதியையும் பன்னிரண்டாம் நாளின் தேதியையும் எழுதி, "இந்த நாட்களுக்குள் குழந்தைக்குக் காய்ச்சலோ தடிப்போ வரலாம் அம்மா, வந்தால் இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும், தணியாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள்" என்று கைப்பேசி எண்ணையும் குறித்துக் கொடுக்கலாம். அந்த நாளில் காய்ச்சல் வந்தால், நர்சம்மா சொன்னது சரியாயிற்று என்றே அந்த வீடு பேசும். இதற்கு நிதி ஒதுக்கீடோ அரசாணையோ தேவையில்லை. அட்டையின் ஓரத்தில் இடம் இருக்கிறது.